செஸ் புரோகிராமுக்குக் கையெழுத்து எத்தனை பிட்?

உலகத்தின் வலுவான செஸ் புரோகிராம்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ், யோசித்துக்கொண்டிருக்கும்போது விநாடிக்குப் பல தடவை ஆள்மாறாட்டத்தில் ஏமாறுகிறது. பலகையில் இருக்கும் நிலை ஒன்று. 'இதை ஏற்கெனவே பார்த்தாச்சே' என்று அது நினைவிலிருந்து எடுத்துக்கொள்ளும் நிலை வேறொன்று. எழுதியவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், முதல் முறையாகச் செஸ் புரோகிராம் எழுத உட்காரும் காலேஜ் மாணவர் ஒருவர், இந்த ஆள்மாறாட்டத்துக்குப் பயந்து 64 பிட் போதுமா, 128 பிட் வைக்கலாமா என்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்.

பயப்படுவது தப்பில்லை. பயம் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் பின்னணி. செஸ்ஸில் ஒரே நிலைக்குப் பல வழிகளில் வந்து சேரலாம். வெள்ளை முதலில் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு அப்புறம் குதிரையை எடுத்தாலும், குதிரையை எடுத்துவிட்டுச் சிப்பாயைத் தள்ளினாலும், கறுப்பு அதே மாதிரி பதில் சொன்னால் கடைசியில் பலகை ஒன்றுதான். மனிதனுக்கு இது பார்த்தவுடன் தெரியும். கணினிக்குத் தெரியாது, யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்காவிட்டால் ஒரே நிலையை ஆயிரம் தடவை புதிதாக ஆராய்ந்துகொண்டிருக்கும். எம்ஐடியில் ரிச்சர்ட் கிரீன்பிளாட் 1960களின் பிற்பாதியில் எழுதிய மேக் ஹேக் என்ற புரோகிராம் இதற்கு ஒரு வழி செய்தது. ஆராய்ந்த நிலையின் முடிவை ஒரு டேபிளில் எழுதி வைத்துக்கொள்வது, மறுபடி அந்த நிலை வந்தால் டேபிளைப் பார்ப்பது. ஹாஷ் டேபிள் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

இதன் பலம் தெரிய வேண்டுமென்றால் 'ஃபைன் 70' என்ற நிலையைப் பார்க்க வேண்டும். ரூபன் ஃபைன் 1941இல் வெளியிட்ட இறுதியாட்டப் புத்தகத்தில் 70ஆம் எண் உள்ள நிலை அது. இரண்டு ராஜாக்கள், சில சிப்பாய்கள். சிப்பாய்கள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு நிற்பதால் ரொம்ப நேரத்துக்கு ராஜாக்கள் மட்டும்தான் நகர முடியும். யோசித்துப் பாருங்கள்: வெள்ளை ராஜாவுக்கு 64 கட்டம், கறுப்பு ராஜாவுக்கு 64 கட்டம், யார் முறை என்பதற்கு இரண்டு. எப்படிப் பெருக்கினாலும் 8,192ஐத் தாண்டாது. டேபிள் இல்லாத புரோகிராம் இந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே கோடிக்கணக்கான பாதைகளில் சுற்றிச் சுற்றி வரும். டேபிள் உள்ள புரோகிராம் கண்மூடித் திறப்பதற்குள் வெள்ளையின் வெற்றி நகர்வைச் சொல்லிவிடும். ஹாஷ் டேபிள் சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க இன்றைக்கும் இந்த நிலையைத்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

சரி, டேபிளில் எழுதும்போது 'இது இன்ன நிலை' என்று எப்படி எழுதுவது? முழுப் பலகையையும் எழுதினால் இடம் பிடிக்கும், ஒப்பிடவும் நேரமாகும். பேங்கில் செக் கொடுத்தால் உங்கள் ஜாதகத்தையா பார்க்கிறார்கள்? கையெழுத்தைத்தானே பார்க்கிறார்கள். அதே மாதிரி ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கையெழுத்து. அதைப் போடும் முறையை 1970இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஜோப்ரிஸ்ட் ஓர் அறிக்கையாக எழுதினார். அரை நூற்றாண்டு தாண்டியும் செஸ் புரோகிராம்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன.

முறை ரொம்ப எளிது. 12 வகைக் காய்கள், 64 கட்டங்கள். 'இந்தக் காய் இந்தக் கட்டத்தில்' என்ற ஒவ்வொன்றுக்கும் குத்துமதிப்பான 64 பிட் எண் ஒன்று. மொத்தம் 768. ராஜாவும் யானையும் இடம் மாறும் கோட்டை உரிமைக்கு நாலு எண். இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயை எதிரிச் சிப்பாய் போகிற போக்கில் வெட்டும் 'ஆன் பாஸான்' உரிமைக்கு எட்டு எண். யார் முறை என்பதற்கு ஒன்று. ஆக 781. பாலிகிளாட் என்ற ஓப்பனிங் புத்தக அமைப்பில் இதே 781 எண்கள் நிரந்தரமாக நிர்ணயிக்கப்பட்டே இருக்கின்றன. பலகையில் உள்ளவற்றின் எண்களையெல்லாம் எக்ஸார் செய்தால் கையெழுத்து ரெடி.

எக்ஸார் என்பது சுவிட்ச் மாதிரி. ஒரு தடவை தட்டினால் எரியும், மறுபடி தட்டினால் அணையும். குதிரை நகர்ந்தால் பழைய கட்டத்தின் எண்ணை ஒரு தடவை தட்டு, அது போய்விடும். புதிய கட்டத்தின் எண்ணைத் தட்டு, வந்துவிடும். முழுப் பலகையையும் மறுபடி கூட்ட வேண்டியதில்லை. ஜோப்ரிஸ்ட்டின் முறை இத்தனை வருஷம் நின்றதற்கு இந்தச் சிக்கனம்தான் காரணம்.

இனி சங்கடம். 64 பிட்டில் எத்தனை வேறு வேறு கையெழுத்துகள் போடலாம்? 1,84,46,74,40,73,70,95,51,616. இந்த எண்ணை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? செஸ்ஸைக் கண்டுபிடித்தவன் ராஜாவிடம் முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நாலு என்று கேட்ட கதையில் வரும் மொத்தத் தானியத்தைவிட இது சரியாக ஒன்று அதிகம். 64 கட்டம், 64 பிட், ஒரே கணக்கு. ராஜாவின் களஞ்சியமே காலியான எண். ஆனாலும் செஸ்ஸுக்கு இது போதாது. விதிப்படி சாத்தியமான நிலைகள் ஏறத்தாழ 4.8 என்று எழுதி அதை 10இன் 44ஆம் அடுக்கால் பெருக்க வேண்டிய அளவு என்று ஜான் டிராம்ப் மதிப்பிட்டிருக்கிறார். வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் சராசரியாக 26 போட்டு 24 சைபர் போட்ட அளவுக்கு நிலைகள் சொந்தம் கொண்டாடும். ஆக, ஒரே கையெழுத்துள்ள இரண்டு நிலைகள் 'இருக்குமா' என்ற கேள்வியே வேண்டாம். இருக்கின்றன. கொள்ளை கொள்ளையாக இருக்கின்றன.

புதிதாக எழுதுகிறவர்கள் பயந்துபோவது இதற்கடுத்த படியில். 23 பேர் உள்ள அறையில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வர பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். அதே கணக்கை 64 பிட்டுக்குப் போட்டால், சுமார் 500 கோடி நிலைகளைப் பார்த்தாலே அவற்றில் ஏதோ இரண்டுக்கு ஒரே கையெழுத்து இருக்கப் பாதி வாய்ப்பு. விநாடிக்குப் பத்து லட்சம் நிலை பார்க்கும் சாதாரணப் புரோகிராம் ஒன்றரை மணி நேரத்துக்குள் இந்த 500 கோடியைத் தாண்டிவிடும். 'போச்சு, ஒரு ஆட்டத்துக்குள்ளேயே மோதல் வந்துவிடும்!' உடனே 128 பிட்டுக்கு ஓடுகிறார்கள்.

கணக்கு சரி. கேள்விதான் தப்பு. பார்த்த 500 கோடி நிலைகளில் ஏதோ இரண்டு ஒத்துப்போனால் என்ன கெட்டுப்போகும்? ஒன்றும் கெடாது. ஒன்று டேபிளில் உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் மற்றது வந்து அதே அறையைத் திறந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் ஆள்மாறாட்டம். டேபிளில் இருந்து எப்போதோ அழிக்கப்பட்ட நிலையோடு ஒத்துப்போனால் யாருக்கு என்ன?

ஆகவே போட வேண்டிய கணக்கு இது. டேபிளில் 10,48,576 அறைகள் இருக்கின்றன, எல்லாம் நிரம்பியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்தின் 20 பிட் 'எந்த அறை' என்பதைச் சொல்கிறது. அந்த அறைக்குப் போய்விட்டதால் அந்த 20 பிட் தானாகவே பொருந்திவிடும், அதில் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. மீதி 44 பிட்டும் தற்செயலாகப் பொருந்த வேண்டும். அதற்கு வாய்ப்பு 17.6 லட்சம் கோடியில் ஒன்று. விநாடிக்குப் பத்து லட்சம் தடவை டேபிளைத் திறந்தால் சராசரியாக 203 நாளைக்கு ஒரு தடவை நடக்கும். 203 நாள் நிறுத்தாமல் ஓட வேண்டும், அதில் ஒரே ஒரு பொய்ப் பொருத்தம்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. டேபிளைப் பெரிதாக்கினால் பொய்ப் பொருத்தம் கூடும்! அறைகள் 107 கோடி என்றால் அறை எண்ணுக்கே 30 பிட் போய்விடுகிறது. தற்செயலாகப் பொருந்த வேண்டியது 34 பிட்தான். வாய்ப்பு 1,718 கோடியில் ஒன்று. அதே வேகத்தில் 203 நாள் என்பது நாலே முக்கால் மணி நேரமாகச் சுருங்கிவிடும். பல கோர் உள்ள பெரிய இயந்திரத்தில் விநாடிக்கு 10 கோடி தடவை பார்த்தால் மூன்று நிமிஷத்துக்கு ஒன்று. மெமரி வாங்கிப் போட்டவருக்குப் பரிசு கூடுதல் ஆள்மாறாட்டம் :-)

ஆனால் மாணவர் ஒருவர் வீட்டுக் கணினியில் எழுதும் புரோகிராம் மூன்று நிமிஷ வகையில் வராது, 203 நாள் வகையில்தான் வரும். ஆகவே 64 பிட்டையும் சேமித்து வைத்திருக்கும் புரோகிராம் திடீரென்று ராணியைத் தூக்கிக் கொடுத்தால் 'ஹாஷ் மோதலாக இருக்கும்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அது மோதல் இல்லை. எழுதியவர் விட்ட பிழை. இந்த ஒரு விஷயத்தில்தான் 64 பிட்டுக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. அது புரோகிராமைப் பாதுகாப்பதைவிட எழுதியவருக்குச் சாக்குச் சொல்ல இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறது.

அந்தப் பிழைகள் எப்படிப்பட்டவை என்று பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். ஒன்று, 64 பிட் எண் வேண்டும் என்று சொல்லிவிட்டு சி மொழியின் ரேண்ட் என்ற ஃபங்ஷனை அப்படியே கூப்பிடுவது. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அது 0 முதல் 32,767 வரைதான் எண் கொடுக்கும். அதாவது 15 பிட். பதினைந்து பிட் எண்களை எத்தனை தடவை எக்ஸார் செய்தாலும் பதினைந்து பிட்டைத் தாண்டாது. 64 பிட் பெட்டிக்குள் 32,768 கையெழுத்துகள் மட்டும். தானியக் கதை ராஜா சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

இன்னொன்று கொஞ்சம் நுட்பம். இடத்தை மிச்சம் பிடிக்க 32 பிட் மட்டும் சேமிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அறை எண்ணுக்குக் கடைசி 20 பிட்டை எடுத்துக்கொண்டு, சேமிப்பதற்கும் கடைசி 32 பிட்டையே எடுத்தால்? அந்த 32இல் 20 பிட் ஏற்கெனவே அறை எண்ணில் செலவாகிவிட்டது. நிஜமாகச் சோதிப்பது 12 பிட்தான். 4,096க்கு ஒன்று பொய். அதே 32 பிட்டை மேல் பாதியிலிருந்து எடுத்திருந்தால் 429 கோடிக்கு ஒன்று. ஒரே அளவு மெமரி, ஒரே அளவு வேலை, எந்தப் பக்கத்திலிருந்து வெட்டினார் என்பதில் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். 'எத்தனை பிட்' என்று கேட்பவர்கள் 'எந்தப் பிட்' என்று கேட்பதில்லை.

நேர் எதிரான தப்பும் உண்டு. மேலே சொன்ன குதிரை, சிப்பாய் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். குதிரைகளை முதலில் எடுத்துவிட்டுச் சிப்பாய்களைத் தள்ளினால், கடைசி நகர்வு கறுப்புச் சிப்பாய் இரண்டு கட்டம் போனது. உடனே ஆன் பாஸான் எண்ணைக் கையெழுத்தில் சேர்த்துவிடுகிறார்கள், அந்தச் சிப்பாயை வெட்ட பக்கத்தில் ஒரு வெள்ளைச் சிப்பாய்கூட இல்லாதபோதும். சிப்பாயை முதலில் தள்ளிய வழியில் அந்த எண் இல்லை. ஒரே பலகைக்கு இரண்டு கையெழுத்து. இதனால் தப்பான முடிவு வராது. தெரிந்த ஆளைத் தெரியாத ஆளாக நினைத்து மறுபடி முதலிலிருந்து விசாரிக்கும், அவ்வளவே. எந்த டேபிளுக்காக இவ்வளவு பாடுபட்டாரோ அதன் பலன்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

இனி ஸ்டாக்ஃபிஷ் விஷயம். அது டேபிளில் ஒரு நிலைக்கு ஒதுக்குவது 10 பைட். அதில் கையெழுத்துக்கு 16 பிட் மட்டும். மூன்று நிலைகளை ஒரு கட்டாகக் கட்டி 32 பைட்டில் அடக்குகிறது. ஒரு கட்டைத் திறந்தால் மூன்றையும் ஒப்பிடும். மூன்றும் வேறு நிலைகள் என்றால் தற்செயலாக ஒன்று பொருந்த வாய்ப்பு 65,536இல் மூன்று, அதாவது 21,845க்கு ஒன்று. டேபிளில் இல்லாத நிலைகளை விநாடிக்குப் பத்து லட்சம் தடவை தேடினால் விநாடிக்குச் சுமார் 46 பொய்ப் பொருத்தங்கள். முதல் வரியில் சொன்ன ஆள்மாறாட்டம் இதுதான்.

இதற்குப் பதிலாகக் கிடைப்பது என்ன? முழு 64 பிட்டையும் சேமித்து ஒரு நிலைக்கு 16 பைட் ஒதுக்கினால் 64 எம்பி டேபிளில் 41,94,304 நிலைகள் அடங்கும். ஸ்டாக்ஃபிஷ் வழியில் 62,91,456. ஒன்றரை மடங்கு. இடமில்லாமல் தூக்கியெறியப்படும் நிஜமான தகவல் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆட்டத்தின் பலம் ஒன்றரை மடங்காகாது, யாரும் அப்படி எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இரண்டு தரப்பையும் தராசில் வைத்துப் பார்த்தவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பது தெரிகிறது.

46 பொய்யோடு ஒரு புரோகிராம் எப்படி உலகத்தை ஜெயிக்கிறது? பெரும்பாலான பொய்கள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. டேபிளில் உள்ள நிலை எவ்வளவு ஆழமாக ஆராயப்பட்டது என்று கூடவே எழுதியிருக்கும். அந்த ஆழம் போதாதென்றால் மதிப்பை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டேபிள் சொல்லும் நகர்வு இந்தப் பலகையில் சாத்தியமா என்று சரிபார்த்த பிறகுதான் ஆடிப் பார்ப்பார்கள். பொய் நிலையிலிருந்து வந்த நகர்வு என்றால் 'காலியான கட்டத்திலிருந்து யானையை நகர்த்து' என்கிற மாதிரி உளறும், பிடிபட்டுவிடும். தற்செயலாகச் சாத்தியமான நகர்வாக இருந்தால்? இருக்கட்டும். ஒரு மோசமான நகர்வை முதலில் ஆராய்ந்து நேரம் கொஞ்சம் வீணாகும்.

இதையெல்லாம் தாண்டியும் ஒரு தப்பான மதிப்பு உள்ளே போனால், ஆராய்ச்சி மரமே அதை வடிகட்டுகிறது. செஸ் மரத்தில் ஒரு படியில் வெள்ளை தேர்ந்தெடுக்கும், அடுத்த படியில் கறுப்பு. கீழே எங்கோ ஒரு நிலை வெள்ளைக்கு அநியாயத்துக்கு நல்லது என்று பொய் சொன்னால், கறுப்பு அதற்கு ஒரு படி மேலேயே வேறு வழியில் போய்விடும். வெள்ளைக்கு மோசம் என்று பொய் சொன்னால் வெள்ளை தன் மற்ற முப்பது நகர்வுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். பத்து இருபது படி ஏறி வேர் வரைக்கும் வர, ஒவ்வொரு படியிலும் அந்தப் பொய்யைத் தவிர வேறு நல்ல வழி இல்லாமல் இருக்க வேண்டும்.

கிராஃப்டி எழுதிய ராபர்ட் ஹையாட்டும், ஸாப்பா எழுதிய அந்தோணி கோசியும் 2005இல் இதைச் சோதித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹையாட்டின் பழைய கிரே பிளிட்ஸ் 1983இலும் 1986இலும் உலகக் கணினி செஸ் சாம்பியன், ஸாப்பா 2005இல் சாம்பியன். விளையாட்டுக்குச் சொல்கிற ஆட்கள் இல்லை. பொய்ப் பொருத்தங்களின் வீதத்தைக் கூட்டிக்கொண்டே போய், தேர்ந்தெடுக்கும் நகர்வு எப்போது மாறுகிறது என்று பார்த்தார்கள். சாதாரணமாகப் புரோகிராமர்கள் பயப்படும் அளவைவிடப் பல மடங்கு பொய்யையும் ஆராய்ச்சி தாங்கிக்கொள்கிறது என்பதுதான் முடிவு. அவர்களுக்கே அது ஆச்சரியம்.

ஆனால் இந்த வடிகட்டலுக்கு ஓர் ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மாற்று வழி இருக்கும் வரைதான் வடிகட்டல். இறுதியாட்டத்தில் ஜெயிக்க ஒரே ஒரு நகர்வுதான் உண்டு, மற்றதெல்லாம் டிரா என்ற நிலைகள் நிறைய. அந்த ஒற்றை நகர்வின் பாதையில் ஒரு பொய் உட்கார்ந்துவிட்டால் அதைத் தாண்டிப் போக வேறு வழி கிடையாது. அடுத்த ஆழத்துக்கு மறுபடி ஆராயும்போது டேபிள் மாறியிருக்கும், பொய் போயிருக்கும் என்பதுதான் ஆறுதல். வேகமான ஆட்டத்தில் அந்த அடுத்த ஆழத்துக்கு நேரம் இல்லாமலும் போகலாம். 'பலமான புரோகிராம் சொல்லிவிட்டது, டிராதான்' என்று ஒரே ஓட்டத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதும் ஆய்வாளர்கள் டேபிளைக் காலி செய்துவிட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

வடிகட்டலே இல்லாத இடங்களும் உண்டு. பெர்ஃப்ட் என்று ஒரு சோதனை. தொடக்க நிலையிலிருந்து இத்தனை நகர்வு ஆழத்துக்கு மொத்தம் எத்தனை பாதை என்று எண்ணுவது. முதல் நகர்வுக்கு 20, இரண்டுக்கு 400, மூன்றுக்கு 8,902, நாலுக்கு 1,97,281, ஐந்துக்கு 48,65,609, ஆறுக்கு 11,90,60,324. நகர்வுகளை உருவாக்கும் பகுதி சரியா என்று பார்க்க எல்லோரும் முதலில் ஓட்டுவது இதைத்தான். ஆழம் கூடினால் நேரமாகும் என்பதால் இதிலும் ஹாஷ் டேபிள் வைப்பார்கள். இங்கே நல்லது கெட்டது என்ற தேர்வு கிடையாது, கூட்டல் மட்டும்தான். ஒரே ஒரு பொய்ப் பொருத்தம் நுழைந்தாலும் அது நேராக மொத்தத்துக்குப் போய்ச் சேரும்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும். சில்லறைச் செலவுப் பெட்டியில் ஐந்து ரூபாய் உதைத்தால் ஆடிட்டர் ஒரு குறிப்பெழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ட்ரையல் பேலன்ஸில் ஐந்து ரூபாய் உதைத்தால் விடமாட்டார். தொகை ஒன்றுதான். ஆனால் ட்ரையல் பேலன்ஸ் என்பதே சரியாக வர வேண்டிய கணக்கு. ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்குப் பின்னால் ஐயாயிரம் ரூபாய் பற்றும் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து ரூபாய் வரவும் ஒளிந்திருக்கலாம். பெர்ஃப்ட் அந்த மாதிரி. அதில் 16 பிட் வைப்பவர் எண்ணவே உட்கார்ந்திருக்க வேண்டாம். பெரிய ஆழங்களை எண்ணுகிறவர்கள் 128 பிட் வைத்தால் அதைக் கேலி செய்யக் கூடாது, அங்கே அது தேவை. ஒரு விளையாட்டின் முடிவை நிரூபிக்கிறோம் என்று கிளம்புகிறவர்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 2007இல் ஜோனதன் ஷேஃபர் குழு செக்கர்ஸ் ஆட்டத்தைத் தீர்த்து, இரு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் டிரா என்று அறிவித்தது போன்ற வேலையில் 'அநேகமாகச் சரி' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இவ்வளவு பேசும்போது பலரும் தொடாமல் விடும் இன்னொரு விஷயம் இருக்கிறது. கையெழுத்து நூற்றுக்கு நூறு சரியாகப் பொருந்தி, பலகையும் அதே பலகையாக இருந்து, மதிப்பு மட்டும் தப்பாக இருக்க முடியும். ஒரு நிலை மூன்று தடவை வந்தால் டிரா. பலகை ஒன்றுதான், ஆனால் ஒரு வழியில் வந்தால் அடுத்த நகர்வில் டிரா ஆகிவிடும், இன்னொரு வழியில் வந்தால் ஆகாது. கையெழுத்தில் வந்த வழி இல்லை. மர்ரே கேம்ப்பெல், பின்னாளில் டீப் ப்ளூ குழுவில் இருந்தவர், 1985இலேயே இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். இது 203 நாளைக்கு ஒரு தடவை நடப்பதில்லை, சாதாரண ஆட்டங்களில் சாதாரணமாக நடக்கும். 128 பிட் என்ன, 1,024 பிட் வைத்தாலும் இது போகாது. இதோடு சந்தோஷமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டு, பொய்ப் பொருத்தத்துக்கு மட்டும் பூட்டு மேல் பூட்டுப் போடுவது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

புதிதாக எழுதுகிறவர் 16 பிட்டைக் கண்ணை மூடிக்கொண்டு காப்பி அடிக்கலாமா? கூடாது. காரணம் மேலேயே வந்துவிட்டது. 16 பிட் வைத்த அன்றிலிருந்து ஒவ்வொரு விபரீதத்துக்கும் 'மோதலாக இருக்கும்' என்று சொல்ல ஒரு நிஜமான சாக்கு கிடைத்துவிடும். கோட்டை உரிமை போன பிறகும் அதன் எண்ணை எக்ஸார் செய்து நீக்க மறந்த பிழை, அந்த 46 பொய்களின் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும், மாசக்கணக்கில் பிடிபடாது. ஸ்டாக்ஃபிஷ்காரர்கள் அந்தச் சிக்கனத்தைச் செய்ய முடிவது, பல வருஷமாகப் பல பேர் சோதித்துத் தேய்த்த புரோகிராம் என்பதால்தான்.

எனவே முதலில் 64 பிட்டையும் சேமிக்கட்டும். கூடவே, சோதனை ஓட்டத்துக்கு மட்டும், நகர்த்தி நகர்த்தி மாற்றிவந்த கையெழுத்தை ஒவ்வொரு நிலையிலும் பலகையிலிருந்து புதிதாகக் கணக்கிட்ட கையெழுத்தோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்தச் சொல்லி நாலு வரி எழுதட்டும். புரோகிராம் ஆமை வேகத்துக்கு வந்துவிடும், பரவாயில்லை. அந்த ஓட்டம் சுத்தமாக முடிந்து, பெர்ஃப்ட் எண்களும் ஒத்துப்போய், ஃபைன் 70க்கும் விடை வந்த பிறகு 32க்கு இறங்கலாம், 16க்கு இறங்கலாம். டேபிள் கொடுக்கும் நகர்வைச் சரிபார்க்கும் வரியை மட்டும் எந்தக் காலத்திலும் அழித்துவிட வேண்டாம். 64 பிட் வைத்திருந்தாலும்தான்.